திட்டம் போடும் நேரமும் நிகழ்காலம்தான்

"இந்த நொடியில் வாழுங்கள்" என்று ஒருவர் சொல்கிறார். "பத்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று யோசித்தீர்களா?" என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் நல்ல அறிவுரையாகவே காதில் விழுகின்றன. ஆனால் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடும்போது கடன் தவணை தலைக்குள் ஓடுகிறது. சரி, அந்தக் கணக்கையாவது பார்ப்போம் என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தால், வாழ வேண்டிய நேரத்தைக் கணக்குப் போட்டே கழிக்கிறோமே என்று குற்றவுணர்வு. இதில் எதை விடுவது என்பதுதான் கேள்வி.

எதையும் விட வேண்டியதில்லை. திட்டமிடலுக்கும் நிகழ்காலத்துக்கும் சண்டையே கிடையாது. திட்டம் போடுவதும் இப்போது உட்கார்ந்து செய்கிற ஒரு வேலைதான். சமைப்பது, படிப்பது போல. நிகழ்காலத்தைத் தின்பது மூன்றாவது ஓர் ஆசாமி. முடிவெடுக்கவும் இல்லாமல், தள்ளிப்போடவும் இல்லாமல், போகிற இடமெல்லாம் கூடவே வருகிற அரைகுறை யோசனை. கவலை என்று சொல்கிறோமே, அது. பார்ப்பதற்குத் திட்டமிடல் மாதிரியே இருப்பதால் அதை யாரும் விரட்டுவதும் இல்லை. பொறுப்பான ஆள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. திட்டமிடல் எங்காவது போய் நிற்கும்: ஒரு தேதி, ஒரு தொகை, போன் போட வேண்டிய ஓர் ஆள். கவலை நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் யோசித்துவிட்டு எழுந்திருக்கும்போது கையில் ஒன்றும் இல்லையென்றால், நடந்தது திட்டமிடல் இல்லை.

"நிகழ்காலம் மட்டும்தான் உண்மை, மற்றதெல்லாம் மாயை" என்கிற பேச்சின் மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நிகழ்காலத்தில் மட்டுமே வாழ நேர்ந்த ஒரு மனிதரை ஆய்வாளர்கள் பல வருடங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறார்கள். மருத்துவ உலகில் அவரைக் கே.சி. என்பார்கள். கனடாக்காரர். 1981ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் பலத்த அடி. அறிவு மழுங்கவில்லை, செஸ் ஆடுவார், நன்றாகப் பேசுவார், விபத்துக்கு முன் கற்ற உலக விஷயங்கள் தெரியும். ஆனால் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட, அதில் தான் இருந்ததாக உணர்ந்து நினைவுக்குக் கொண்டுவர அவரால் முடியவில்லை. உளவியலாளர் எண்டெல் டல்விங் அவரிடம், நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். கொஞ்ச நேரம் மௌனம். தெரியவில்லை என்றார். யோசிக்கும்போது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, வெறுமையாக இருக்கிறது என்றார். நேற்றைப் பற்றி யோசித்தாலும் அதே வெறுமைதான்.

நேற்றும் நாளையும் சேர்ந்தே போய்விட்டன என்பதைக் கவனியுங்கள். நடந்ததை நினைத்துப் பார்ப்பதற்கும் நடக்கப்போவதைக் கற்பனை செய்வதற்கும் மூளை பெரும்பாலும் ஒரே பகுதிகளைத்தான் பயன்படுத்துகிறது என்று பிற்பாடு ஸ்கேன் ஆய்வுகளிலும் தெரிந்தது. அதனால், நாளையைப் பற்றி யோசிப்பதை ஏதோ கெட்ட பழக்கம் போல நிறுத்தப் பார்ப்பது வீண் வேலை. அது நம் உடம்போடு வந்தது.

மறுபக்கமும் உண்மைதான். ஹார்வர்டில் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும். சுமார் 2250 பேரின் ஐபோனில், நாளின் ஏதோ ஒரு நேரத்தில் கேள்வி வரும்: இப்போது என்ன செய்கிறீர்கள், செய்வதைத் தவிர வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா, மனநிலை எப்படி? ஏறக்குறைய 47 சதவீதத் தடவை, மனசு கையிலிருக்கும் வேலையில் இல்லை. அப்படி அலையும்போது மக்கள் குறைவான மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள். இனிமையான விஷயத்தை நினைத்து அலைந்தால்கூட, வேலையிலேயே மனம் இருந்ததைவிடக் கூடுதல் மகிழ்ச்சி கிடைக்கவில்லை.

இதை எடுத்து "பார்த்தீர்களா, எதிர்காலத்தை நினைக்காதீர்கள்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கேட்ட கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். செய்கிற வேலையைத் தவிர வேறொன்றை நினைக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அடுத்த வருடச் செலவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், அந்தக் கணக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால், அவர் மனம் அலையவில்லை. செய்கிற காரியத்தில்தான் இருக்கிறது. குளிக்கும்போது அதே கணக்கு ஓடினால்தான் அலைச்சல். ஆகவே, என்ன நினைக்கிறோம் என்பதைவிட எப்போது நினைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

இதைத் தொழில்முறையாகவே செய்கிற இடம் ஆபரேஷன் தியேட்டர். உலக சுகாதார நிறுவனம் 2008ல் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் மூன்று நிறுத்தங்கள் உண்டு: மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், தோலில் கத்தி வைப்பதற்கு முன், நோயாளியை அறையிலிருந்து வெளியே கொண்டுபோவதற்கு முன். இரண்டாவது நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கையை நிறுத்துகிறார்கள். ஒவ்வொருவரும் பெயரையும் தன் பொறுப்பையும் சொல்கிறார்கள். நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை, என்ன அறுவை என்று வாய்விட்டு உறுதிசெய்கிறார்கள். அப்புறம் அறுவை மருத்துவர் சொல்ல வேண்டும்: இதில் சிக்கலான கட்டம் எது, எவ்வளவு நேரமாகும், எவ்வளவு ரத்தம் போகலாம். மயக்கவியல் மருத்துவர் இந்த நோயாளியைப் பொறுத்துத் தனக்கு என்ன பயம் இருக்கிறது என்று சொல்கிறார். கருவிகளில் கிருமி நீக்கப்பட்டிருக்கிறதா என்று நர்ஸ் சொல்கிறார். அதாவது, வரக்கூடிய மோசமான எதிர்காலத்தை எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் பேசுகிறார்கள். பேசி முடித்தபின் கத்தி. அதற்குப் பிறகு கை இருக்கும் இடத்தில்தான் கண்.

எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்து 2009ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதைக் கட்டாயமாக்கிய பிறகு பார்த்தபோது, 2014ல் வெளியான ஆய்வில், குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. பட்டியலில் டிக் அடிப்பதற்கும் நின்று பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். புது வருஷத்தன்று அழகான டைரியில் பத்துக் குறிக்கோள்களை எழுதி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத நமக்கும் இது தெரிந்த கதைதான்.

பாறை ஏறுபவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். கீழே நின்றுகொண்டு வழியைக் கண்ணாலேயே ஏறிப் பார்ப்பார்கள்; எந்த இடுக்கில் கை, எந்தத் திட்டில் கால், எங்கே நின்று மூச்சு வாங்கலாம். சிலர் கையைக் காற்றில் அசைத்து ஒத்திகை பார்ப்பதும் உண்டு. ஏற ஆரம்பித்த பிறகு அடுத்த பிடி மட்டும்தான். தன்னை மறந்து ஒரு வேலையில் மூழ்கிப்போகும் நிலையை ஆராய்ந்த மிஹாய் சிக்சென்ட்மிஹாயி பேட்டி எடுத்தவர்களில் பாறை ஏறுபவர்கள், சதுரங்கக்காரர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அந்த நிலை வருவதற்கு அவர் சொல்லும் நிபந்தனைகளில் ஒன்று, தெளிவான இலக்கு. அடுத்து என்ன என்பது தெரிந்திருந்தால்தான் இப்போதைக்குள் முழுசாக இறங்க முடியும். தெரியாவிட்டால் ஒரு கண் எப்போதும் வெளியே அலைபாயும்.

சரி, கடன் தவணைக்கு வருவோம். குழந்தையோடு இருக்கும்போது அது ஏன் எட்டிப் பார்க்கிறது? முடிக்காத வேலையை மனம் விடாது என்பது பழைய கருத்து. 1927லேயே உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் இதை எழுதினார். முடித்ததைவிட முடிக்காதது அதிகம் நினைவில் நிற்கிறது என்ற அவருடைய கணக்கு பிந்தைய சோதனைகளில் எப்போதும் அப்படியே வரவில்லை. எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தெரிவது 2011ல் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் செய்த சோதனைகள். முடிக்காத காரியங்களை ஞாபகப்படுத்திவிட்டு ஆட்களைப் படிக்க உட்கார வைத்தால், அந்தக் காரியங்கள் நடுவில் வந்து தொல்லை செய்கின்றன. ஆனால் படிக்கும் முன்பு, அந்தக் காரியத்தை எப்போது, எப்படிச் செய்யப்போகிறேன் என்று திட்டவட்டமாக எழுதச் சொன்னவர்களுக்கு அந்தத் தொல்லை போய்விட்டது. காரியம் இன்னும் முடியவே இல்லை, எழுதியது மட்டும்தான்.

மனம் கேட்பது அவ்வளவுதான் போல. வேலையை இப்போதே முடி என்று அது கேட்கவில்லை. இதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறாயா என்று கேட்கிறது.

2018ல் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் இதையே படுக்கையறை வரைக்கும் கொண்டுபோனார்கள். 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் வைத்து, படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள், மீதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதினால் பதற்றம் கூடும் என்றுதானே தோன்றும்? அவர்கள்தான் சீக்கிரம் தூங்கினார்கள், சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக. எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம்.

இந்த "விவரமாக" என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். தலைக்குள் ஓடுவது: "வேலை போய்விட்டால் என்ன செய்வது?" இதை அப்படியே பேப்பரில் எழுதினால் கவலையைப் பேப்பருக்கு மாற்றியதாகத்தான் ஆகும். பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக உடைக்க வேண்டும். வருமானம் நின்றால், கையிருப்பை வைத்து எத்தனை மாதம் ஓட்டலாம்? இதற்குப் பதில் ஓர் எண். பல பேருக்கு அந்த எண் தெரியாது. தெரியாததால்தான் பயம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. எண் இரண்டு என்று வந்தால்கூட, இருட்டில் நிற்பதைவிட அது மேல். அடுத்து, முதலில் நிறுத்தக்கூடிய மூன்று செலவுகள் எவை? வேலை விஷயமாக முதலில் யாரோடு பேசுவேன்? என் வேலை விவரக் குறிப்பைக் கடைசியாக எப்போது புதுப்பித்தேன்? இதில் இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றை எடுத்து, நாளும் நேரமும் போடுங்கள். பிறகு, இந்தப் பக்கத்தை மறுபடி எப்போது திறந்து பார்ப்பேன் என்று ஒரு தேதி. அந்தத் தேதியை எழுதாமல் விட்டால் மனம் தானாகவே தினமும் திறந்து பார்க்கும்.

கடைசியில், பதிலே இல்லாத ஒரு பகுதி மிஞ்சும். கம்பெனி என்ன முடிவெடுக்கும், சந்தை எப்படிப் போகும் என்பதெல்லாம். அதற்குத் திட்டம் கிடையாது. அதை அப்படியே "என் கையில் இல்லை" என்று ஒரு வரியாக எழுதி வைப்பது, அதைச் சுற்றிச் சுற்றி வருவதைவிட நேர்மையானது.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990கள் முதல் சொல்லிவரும் ஒரு முறை இங்கே உதவும்: இலக்கை "இன்னது நடந்தால், இன்னது செய்வேன்" என்ற வடிவத்தில் எழுதுவது. "இனி சேமிக்கப் போகிறேன்" என்பதை, "சம்பளம் வந்த அன்று காலையிலேயே இந்தத் தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றுவேன்" என்று மாற்றுவது. இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் திரட்டி 2006ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் பார்த்தபோது, காரியம் நிறைவேறுவதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. நம் கேள்விக்கு இதிலிருக்கும் லாபம் வேறு. எந்தச் சமயத்தில் செய்ய வேண்டும் என்பதை அந்தச் சமயமே ஞாபகப்படுத்திவிடுவதால், மற்ற நேரத்தில் நாம் காவல் காக்க வேண்டியதில்லை.

இவ்வளவு எழுதியும் சில கவலைகள் திரும்பத் திரும்ப வரும். அதற்குத் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983லேயே ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள்: தினமும் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவது. மற்ற நேரத்தில் வந்தால், "உனக்கு ஆறு மணிக்கு அப்பாயின்ட்மென்ட்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் "கவலைப்படாதே" என்று மனதுக்கு உத்தரவு போடுவதைவிட "அப்புறம் கவலைப்படலாம்" என்று சொல்வது எளிது, அது கேட்டும் கொள்கிறது. ஆறு மணிக்கு நிஜமாகவே உட்கார வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. உட்காராவிட்டால் மறுநாள் மனம் உங்களை நம்பாது. படுக்கையிலும், படுக்கப்போகும் நேரத்துக்குப் பக்கத்திலும் இதை வைக்க வேண்டாம்.

திட்டமே நிகழ்காலத்தைத் தின்னும் சந்தர்ப்பமும் உண்டு, மறைக்கக் கூடாது. மூச்சு விட இடமில்லாமல் போட்ட திட்டம் அப்படித்தான் செய்யும். கனடாவில் ப்யூலரும் சகாக்களும் 1994ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். நம்முடைய மோசமான கணிப்புகூட போதுமான அளவு மோசமாக இல்லை! காரணம், கணிக்கும்போது காரியம் எப்படி நடக்கும் என்ற கதையை மட்டும் ஓட்டிப் பார்க்கிறோம். போன தடவை எவ்வளவு ஆயிற்று என்பதைப் பார்ப்பதில்லை. இப்படிப் போட்ட திட்டத்தில் முதல் வாரமே பின்தங்கிவிடுவோம். அதற்கப்புறம் எந்த வேலையில் இருந்தாலும், எந்த ஓய்வில் இருந்தாலும், "லேட் ஆகிவிட்டது" என்ற எண்ணம் கூடவே இருக்கும். தளர்வான திட்டத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஓய்வை ஓய்வாக அனுபவிக்க விடுவது அதுதான்.

தூரத்துத் திட்டங்களில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: அவற்றை அனுபவிக்கப்போகும் ஆள் நாம் நினைக்கிற ஆளாக இருக்கமாட்டார். 2013ல் குவாட்பாக், கில்பர்ட், வில்சன் மூவரும் 18 முதல் 68 வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டவர்களிடம், கடந்த பத்து வருடங்களில் எவ்வளவு மாறினீர்கள், அடுத்த பத்து வருடங்களில் எவ்வளவு மாறுவீர்கள் என்று விசாரித்தார்கள். எல்லா வயதினரும் இதுவரை நிறைய மாறியதாகவும், இனிமேல் அவ்வளவாக மாறப்போவதில்லை என்றும் சொன்னார்கள். மாறும் காலம் முடிந்து, இப்போதிருக்கும் "நான்"தான் இறுதிப் பதிப்பு என்று ஒவ்வொரு வயதிலும் தோன்றுகிறது. இருபது வருடம் கழித்து எந்த ஊரில், எப்படிப்பட்ட வீட்டில், எந்தப் பொழுதுபோக்கோடு இருப்போம் என்று அங்குலம் அங்குலமாகத் திட்டம் போடுவது, முன்பின் தெரியாத ஒருவருக்குச் சட்டை தைப்பது மாதிரி. அந்த ஆளுக்கு எப்படியும் தேவைப்படக்கூடியவற்றை மட்டும் சேர்த்துவைத்தால் போதும்: ஓரளவு பணம், நடமாடும் உடம்பு, பேச நாலு பேர், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் பழக்கம். அடுத்த மூன்று மாதத்துக்கு விவரம், அடுத்த மூன்று வருடத்துக்கு உத்தேசம், அதற்கு மேல் திசை. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு இது. அறிவியல் விதி ஒன்றும் இல்லை.

இதெல்லாம் காலுக்கடியில் கொஞ்சமாவது தரை இருப்பவர்களுக்குச் சொல்லக்கூடியது. இந்தத் தலைப்பில் எழுதுகிற பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு மிட்டாயை இப்போதே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லிப் பார்க்கும் சோதனை எல்லாருக்கும் தெரியும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்று வால்டர் மிஷெலின் அந்த ஆய்வைக் காட்டுவார்கள். 2018ல் அதை இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்து, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது, அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் செய்த இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தமானது. மிட்டாய்க்கு முன்பு, நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன் என்று பெரியவர் ஒருவர் வாக்குக் கொடுக்கிறார். சில குழந்தைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், சில குழந்தைகளிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம். அந்தக் குழந்தைகளிடம் என்ன தப்பு? சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கின்றன.

அதே போல, அறுவடைக்கு முன்பும் பின்பும் கரும்பு விவசாயிகளுக்கு ஒரே மாதிரியான அறிவுத்திறன் சோதனை வைத்து 2013ல் ஓர் ஆய்வு வந்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே ஆள் குறைவான மதிப்பெண் எடுத்தார். பண நெருக்கடியே மூளையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் "மூச்சைக் கவனி, இந்த நொடியில் இரு" என்று ஒருவரிடம் சொல்வது கொஞ்சம் கொடுமை. அவருக்கு நிகழ்காலத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடியது தவணைக்குக் கூடுதல் அவகாசம் வாங்கித் தரும் ஒரு போன் அழைப்பாக இருக்கலாம்.

நிகழ்காலத்தில் இருப்பதற்கான பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஜான் கபட்-ஸின் 1979ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய வகுப்பிலிருந்து இன்றைய செல்போன் செயலிகள் வரை எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: மனம் ஓடும், ஓடியதைக் கவனித்தவுடன் சத்தம் போடாமல் திருப்பிக் கூட்டி வர வேண்டும். ஓடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விளையாட்டின் நடுவில் தவணை ஞாபகம் வந்தால் அது தோல்வி இல்லை. பக்கத்திலிருக்கும் தாளில் ஒரு சொல் குறித்துவிட்டுத் திரும்புங்கள். ஒன்று மட்டும்: "நான் இப்போது நிகழ்காலத்தில் இருக்கிறேனா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்காதீர்கள். அப்படிச் சோதிக்கும் ஆள் விளையாட்டில் இல்லை, விளையாட்டுக்கு வெளியே நின்று மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எதிர்பார்ப்பு என்பதும் நிகழ்கால மகிழ்ச்சிதான் என்பதை மறந்துவிடுகிறோம். நெதர்லாந்தில் 1530 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010ல் வந்தது. விடுமுறைப் பயணம் போகிறவர்கள், போகாதவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருந்தது பயணத்துக்கு முன்பு. திரும்பி வந்த பிறகு, மிகவும் நிம்மதியான விடுமுறையைக் கழித்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. டிக்கெட் போட்டுவிட்டு நாள் எண்ணுவதை யாராவது "நிகழ்காலத்தைத் தவறவிடுகிறாய்" என்று சொன்னால் கேட்காதீர்கள். அந்த நாள் எண்ணுதலே பாதிப் பயணம்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஓர் இடம் இருக்கிறது. நாளில் மணி நேரம் குறைவு. பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு வருடத்தை நண்பர்களோடு கழிக்க முடியாது. இதை எந்த உத்தியாலும் மழுப்ப முடியாது, எதையோ இழக்கத்தான் போகிறோம். இங்கே எனக்கு உதவுவது அரிஸ்டாட்டில் செய்த ஒரு பாகுபாடு. வீடு கட்டுவது போன்ற காரியங்கள் முடியும்வரை அரைகுறைதான். கட்டிக்கொண்டிருக்கும்போது கட்டிவிட்டதாகச் சொல்ல முடியாது. பார்ப்பது, சிந்திப்பது போன்றவை அப்படியில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தும் ஆயிற்று, எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் முழுமைதான்.

உங்கள் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பட்டம், பதவி உயர்வு, வீடு, குழந்தையின் கல்லூரி என்று முதல் வகைக் காரியங்களால் மட்டுமே நிரம்பியிருந்தால், அது நிறைவேறும் வரைக்கும் எந்த நாளும் முழுசாக இராது. நிறைவேறிய மறுநாள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வகையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, வீடு வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு வாரத்திலும் இரண்டாவது வகைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதா? எங்கும் போய்ச் சேராத நடை, எதற்கும் பயன்படாத வாசிப்பு, காரணமில்லாத பேச்சு. இவை தானாக நடக்கும் என்று விட்டால் நடக்காது, வேலைகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், திட்டமில்லாத நேரம் வேண்டுமென்றாலும் அதைத் திட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. முதல் வகைக் காரியத்துக்குள்ளேயே இரண்டாவதும் ஒளிந்திருக்கலாம். பரீட்சைக்குப் படிப்பது முடிவதற்காக. ஆனால் ஒரு கணக்கு புரிபடும் அந்தக் கணம் அதிலேயே முழுசு. இரண்டு வருடப் படிப்பில் அப்படி ஒரு கணமும் கிடைக்கவில்லையென்றால், இழப்பதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. நான் சொன்னதெல்லாம் சாதாரணக் கவலைக்கு. ஆறு மாதத்துக்கும் மேலாக, பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றியும் கட்டுப்படுத்த முடியாத கவலை, கூடவே தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல், கவனம் சிதறல் என்று இருந்தால், அதை மருத்துவர்கள் பொதுப் பதற்றக் கோளாறு என்று பார்க்கிறார்கள். இந்தக் கோளாறு உள்ள 29 பேரைத் தங்கள் கவலைகளை எழுதி வைத்து, அவை நடந்தனவா என்று ஒரு மாதம் கண்காணிக்கச் சொன்ன ஆய்வு 2020ல் வந்தது. 91 சதவீதத்துக்கும் மேற்பட்ட கவலைகள் நடக்கவே இல்லை. அதைக் கண்ணால் பார்ப்பதே சிகிச்சையில் உதவியது. பேப்பரும் பேனாவும் போதவில்லை என்று தோன்றினால் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து, இரண்டுமே இதற்கு நன்றாக வேலை செய்கின்றன.